வெஸ்ட் சைட் ஸ்டோரி: 1961-ம் 2021-ம், ஒரு டூட்டி டாக்டரின் பார்வையில்



இன்னைக்கு சுகர், பிரஷர், தடுப்பூசி எதுவும் இல்லை. ஒரு படத்தைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். ஆனா கத்திக்குத்து, கேஷுவாலிட்டி, ரெஃபரல் எல்லாம் நடுவுல வரும். அதனால இதுவும் நம்ம ஏரியாதான்.

திரெட் கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க. ரெண்டு படத்தோட கதையையும் முழுசா சொல்லிடுவேன். பார்க்காதவங்க முடிவு பண்ணிக்கோங்க.

படம், வெஸ்ட் சைட் ஸ்டோரி. 1957-ல் நியூயார்க் பிராட்வே மேடையில் நாடகமா வந்தது. இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடல்கள் ஸ்டீபன் சோன்டைம், கதை வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ், இயக்கமும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். 1961-ல் ராபர்ட் வைஸும் ராபின்ஸும் சேர்ந்து படமாக்கினாங்க. சிறந்த படம் உட்பட 10 ஆஸ்கர். சரியா 60 வருஷம் கழிச்சு, 2021 டிசம்பரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மறுபடி எடுத்தார். புதுத் திரைக்கதை டோனி குஷ்னர்.

கதை ரொம்ப சிம்பிள். ரோமியோ ஜூலியட்தான். நியூயார்க்கில் ஒரு ஏழைப் பேட்டை. வெள்ளைக்காரப் பசங்க கும்பல் ஜெட்ஸ். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவங்க கும்பல் ஷார்க்ஸ். ஜெட்ஸ் பக்கத்து டோனிக்கும், ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவோட தங்கச்சி மரியாவுக்கும் காதல். ஒரு சண்டையில் பெர்னார்டோ கத்தியால் டோனியோட நண்பன் ரிஃப் சாகறான். டோனி கத்தியால் பெர்னார்டோ சாகறான். கடைசியில் டோனியும் துப்பாக்கிக்குப் பலி. எல்லாம் ரெண்டே நாளில்.

2021 டிசம்பர்னா என்ன காலம்னு உங்களுக்கே தெரியும். ஒமிக்ரான். நாங்க ஆக்சிஜன் பெட் எண்ணிட்டு இருந்த நேரம். தியேட்டர் பக்கமே போகலை. அப்புறம் ஓடிடியில், ரெண்டு நைட் டூட்டிக்கு நடுவுல பார்த்தேன். பழைய படத்தைக் காலேஜ் ஹாஸ்டல் நாட்களிலேயே பார்த்தாச்சு. அதுக்குப் பிறகு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்திருக்கேன்.

எனக்குத் தோணுறதை முதல்லயே சொல்லிடறேன். புதுப் படத்தோட பலமும் பலவீனமும் ஒரே இடத்துலேர்ந்துதான் வருது. ஸ்பீல்பெர்க்கும் குஷ்னரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "ஹிஸ்டரி" எடுத்திருக்காங்க. நாங்க கேஸ் ஷீட்டில் எழுதுவோமே, எந்த ஊர், என்ன வேலை, முன்னாடி என்ன நோய், யாரோட இருக்கீங்க, அந்த மாதிரி. இது ஒரு மருந்துன்னு வெச்சுக்கோங்க. வேலை செய்யுது. பக்கவிளைவும் இருக்கு.

முதல்ல வேலை செஞ்ச இடங்கள்.

பழைய படம் ஆரம்பிக்கறப்போ கேமரா வானத்திலிருந்து மன்ஹாட்டனைப் பார்க்கும். அழகான நகரம். அப்படியே கீழே இறங்கினா விளையாட்டு மைதானத்தில் பசங்க விரலைச் சொடுக்கிட்டு நிப்பாங்க. ஏன் சண்டை? "எங்க ஏரியா", அவ்ளோதான் காரணம்.

புதுப் படம் இடிபாடுகளில் ஆரம்பிக்குது. இடிக்கப்பட்ட கட்டடங்கள், செங்கல் குவியல், தொங்கற இரும்புக் குண்டு. அங்கே லிங்கன் சென்டர் வரப்போகுதுன்னு ஒரு போர்டு.

இது கற்பனை இல்லை. அந்தப் பகுதிக்கு சான் ஹுவான் ஹில்னு பேர். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நிறைய வாழ்ந்த இடம். 1950-களின் கடைசியில் ராபர்ட் மோசஸ் தலைமையில் "குடிசை அகற்றல்" திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேத்திட்டு, அங்கே இசை அரங்குகளும் ஓபரா ஹவுஸும் கட்டினாங்க.

1961 படத்தோட ஆரம்பக் காட்சிகளில் சிலதை இடிக்கறதுக்காகக் காலி பண்ணின அந்தத் தெருக்களிலேயே எடுத்திருக்காங்க. ஆனா இடிக்கப் போறாங்கங்கற விஷயம் கதைக்குள்ளே வரவே வராது. 1959-ல் லிங்கன் சென்டருக்கு அடிக்கல் நாட்டினப்போ அந்த விழாவைத் தொகுத்து வழங்கினது யார் தெரியுமா? இந்தக் கதைக்கு இசை போட்ட அதே பெர்ன்ஸ்டைன். 2021 படத்துக்கு வாசிச்சது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக். அவங்க அரங்கம் இருக்கறதும் அதே லிங்கன் சென்டரில்தான்.

புதுப் படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி ஜெட்ஸ் பசங்களைப் பார்த்து நக்கலா சொல்வார்: நீங்க அடிச்சுக்கற இந்த இடம் சீக்கிரமே பணக்காரங்க வீடாயிடும், உங்களை விரட்ட வாசலில் ஒரு போர்ட்டோ ரிக்கோ காவலாளி நிப்பான்னு. ஏற்கனவே வித்துப்போன நிலத்துக்காக ரெண்டு கும்பல் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்குது. படத்தோட மிகப்பெரிய பலம் இதுதான்னு நான் சொல்வேன்.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்த்த யாரையும் கேளுங்க. அடிதடிக் கேஸ்னு ரெண்டு தரப்புப் பசங்களும் பக்கத்துப் பக்கத்து பெட்டில் படுத்திருப்பாங்க. ஒரே வயசு. பெரும்பாலும் ஒரே தெரு, இல்லேன்னா அடுத்த தெரு. ஏ.ஆர். என்ட்ரி போடறப்போ "எதுக்குடா சண்டை?"னு கேட்டா, சொல்ற காரணத்தை எழுத ரெண்டு வரி தேவைப்படாது. அந்தக் காரணத்துக்குப் பின்னாடி இருக்கற காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டமும் கிடையாது.

ரெண்டாவது பலம், முகங்கள்.

1961-ல் மரியாவா நடிச்ச நடாலி வுட் ரஷ்யக் குடியேறிகளோட மகள். பெர்னார்டோவா நடிச்ச ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி. முக்கிய வேஷத்தில் உண்மையிலேயே போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் அனிட்டாவா நடிச்ச ரீட்டா மொரேனோ. ஷார்க்ஸ் எல்லாருக்கும் ஒரே அடர் பழுப்பு நிறத்தை அப்பினதைப் பத்தி அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். ஒரு தீவு மக்கள் எல்லாருக்கும் ஒரே நிறம் இருக்குமா?

குரலும் அப்படித்தான். மரியாவுக்குப் பாடினது மார்னி நிக்சன், டோனிக்குப் பாடினது ஜிம்மி பிரையன்ட். நமக்கு இதில் தப்பே தெரியாது. பின்னணிப் பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் நம்மது. ஆனா நம்ம ஊரில் பாடினவங்க பேர் டைட்டிலில் வரும், ரேடியோவில் சொல்வாங்க. அங்கே மறைச்சாங்க. நிக்சன் பேர் அந்தப் படத்தோட டைட்டிலில் கிடையாது.

2021-ல் ரேச்சல் செக்லர், அரியானா டெபோஸ், டேவிட் ஆல்வரெஸ் எல்லாரும் லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவங்க. முக்கிய நடிகர்கள் அவங்கவங்க குரலிலேயே பாடறாங்க. ஸ்பானிஷ் வசனங்களுக்கு வேணும்னே சப்டைட்டில் போடலை. இங்கிலீஷோட சமமா அந்த மொழியும் நிக்கட்டும்னு ஸ்பீல்பெர்க் எடுத்த முடிவு. வடமாநிலத் தொழிலாளி ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுட்டு வந்து அவர் மொழியில் சொல்றப்போ, புரியாம நிக்கறது யாருன்னு எங்களுக்குத் தெரியும். அந்த நிலைமையில் கொஞ்ச நேரம் பார்வையாளரை நிறுத்தறார். எனக்குப் பிடிச்சது.

இங்கே ஒரு டாக்டர் கதை சொல்லியே ஆகணும்.

1957 மேடை நாடகத்தில் 'அமெரிக்கா' பாட்டில் போர்ட்டோ ரிக்கோவை நோய் பிடிச்ச தீவு மாதிரி கிண்டல் பண்ற ஒரு இடம் இருந்தது. அதை எதிர்த்து நியூயார்க் டைம்ஸில் எழுதினவர் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க். மறுவாழ்வு மருத்துவத் துறையோட முன்னோடி. அந்தத் தீவில் உண்மை நிலவரம் அப்படி இல்லைன்னு பாட்டுக்கே பதில் எழுதினார். 1961 படத்தில் அந்த வரிகள் மாறின. புதுப் படத்திலும் இல்லை.

ஒரு பாட்டு வரிக்குப் போய் டாக்டர் ஏன் டென்ஷன் ஆகணும்னு கேக்கலாம். "இவங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க"ன்னு ஒரு கூட்டத்து மேல முத்திரை விழுந்தா, அது போக எத்தனை காலம் ஆகும்னு கொரோனாவில் பார்த்தோமே. அந்த முத்திரைக்குப் பயந்து டெஸ்ட்டுக்கே வராதவங்களையும் பார்த்தோம். இத்தனைக்கும் 1917-லிருந்து போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே வெளியாள்.

மூணாவது பலம்தான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடலை.

'ஐ ஃபீல் ப்ரிட்டி'ன்னு மரியா பாடற ஒரு குஷியான பாட்டு. காதல் வந்த சந்தோஷம். பழைய படத்தில் இது கொலைகளுக்கு முன்னாடியே வந்துடும். ஜாலியா பார்த்துட்டுப் போயிடலாம். ஸ்பீல்பெர்க் இதை மேடை நாடகத்தில் இருந்தபடியே சாவுகளுக்குப் பின்னாடி வெச்சுட்டார். கிம்பெல்ஸ்ங்கற பெரிய துணிக்கடையில் ராத்திரி துப்புரவு வேலை செய்யற பொண்ணா மரியா. பொம்மைகளுக்கு நடுவுல ஆடிப் பாடறா. அண்ணன் செத்துட்டான்னு நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அந்த இடைவெளி எங்களுக்கு நல்லாப் பழக்கம். உள்ளே சி.பி.ஆர். நிறுத்தியாச்சு. மானிட்டரில் நேர்கோடு. வெளியே பெஞ்சில் ஒரு அம்மா, பையன் கண் முழிச்சா கொடுக்கலாம்னு பிளாஸ்கில் பால் வெச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. கதவைத் திறந்துட்டு நான் போற வரைக்கும் அவங்க உலகத்தில் அந்தப் பையன் உயிரோட இருக்கான். நாலடி தூரம்தான், ஆனா நடக்கறது கஷ்டம். எந்தப் பாடப்புத்தகமும் இதுக்கு என்னைத் தயார் பண்ணலை. ஒரு மியூசிக்கல் படம் அந்த நாலடியை ஒரு முழுப் பாட்டு நேரத்துக்கு இழுத்துக் காட்டும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை.

நாலாவது, ரீட்டா மொரேனோ. 1961-ல் அனிட்டாவா ஆஸ்கர் வாங்கினவர், புதுப் படத்தில் மருந்துக்கடைக்காரரோட விதவை வாலன்டினாவா வர்றார். கிட்டத்தட்ட 90 வயசு. கடையில் ஜெட்ஸ் பசங்க புது அனிட்டாவைச் சூழ்ந்துகிட்டு பலாத்காரம் செய்யப் பார்க்கற நேரம், உள்ளே வந்து தடுக்கறது அந்தப் பழைய அனிட்டா. காதலர்கள் பாடின 'சம்வேர்' பாட்டையும் இவருக்கே கொடுத்துட்டாங்க. இளசுகள் பாடினா அது கனவு. ஒரு பாட்டி பாடறப்போ, இத்தனை வருஷமும் அந்த நல்ல இடம் வரவே இல்லைன்னு புரியுது. புது அனிட்டா டெபோஸுக்கும் ஆஸ்கர் கிடைச்சது. படத்துக்கு 7 பரிந்துரையில் கிடைச்ச ஒரே விருது அது.

சரி, இப்போ பக்கவிளைவுக்கு வருவோம்.

முதல் பிரச்சினை, டோனி. பழைய டோனி கும்பலை விட்டு விலகினவன், அவ்ளோதான். புது டோனி ஒரு பையனைச் சாகற அளவுக்கு அடிச்சு, ஒரு வருஷம் ஜெயிலில் இருந்துட்டு வந்தவன். நல்ல ஹிஸ்டரிதான். ஆனா அந்த பாரம் ஆன்சல் எல்கார்ட் முகத்தில் எனக்குத் தெரியலை. வசனமா சொல்றார், நாமளும் குறிச்சுக்கறோம். பக்கத்தில் ரிஃப்பா வர்ற மைக் ஃபைஸ்ட்டைப் பாருங்க. யாரும் எதுவும் சொல்லாமலே அந்த ஒல்லி உடம்பு, அந்தச் சிரிப்பு எல்லாத்தையும் சொல்லிடுது.

ரெண்டாவது, பெரிய பிரச்சினை. பழைய படம் முழுக்கவே ஒரு கனவு மாதிரி. வானம் சிவப்பாகும், சண்டை நடனமாகும். அந்த உலகத்தில் பார்த்த நொடியில் காதல் வந்தா ஏத்துக்கறோம். புது உலகத்தில் வாடகை, வேலை, ஜெயில், இடிபாடு எல்லாம் நிஜம். அப்போ, அண்ணனைக் கொன்னவனை அதே ராத்திரி மரியா மன்னிச்சு ஏத்துக்கறதும் நிஜமா இருக்கணும் இல்லையா? அங்கே நெருடுது. செக்லர் எவ்வளவு நல்லா நடிச்சும் என்னால நம்ப முடியலை. எல்லாத்துக்கும் காரணம் கேக்கப் பழக்கிட்டாங்க, காதலுக்கும் கேட்டுடறோம். அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்லை.

மூணாவது, 'கூல்' பாட்டு. புதுப் படத்தில் சண்டைக்கு முன்னாடி, உடைஞ்ச படகுத்துறையில் டோனியும் ரிஃப்பும் ஒரு துப்பாக்கிக்காக இழுபறி பண்றதா மாத்திட்டாங்க. கதைக்குத் தேவையான மாற்றம். அந்தத் துப்பாக்கிதான் சண்டைக்களத்தில் சீனோ கைக்குப் போய், கடைசியில் டோனியைக் கொல்லுது. சீனோ பழைய படத்தில் வெறும் நிழல். இதில் நைட் காலேஜில் கணக்குப் படிக்கற சாதுப் பையன். கண்ணியெல்லாம் கச்சிதமா கோத்திருக்காங்க.

ஆனா 1961 'கூல்' சாவுகளுக்குப் பின்னாடி வரும். தாழ்ந்த கூரை போட்ட கார் ஷெட், ஹெட்லைட் வெளிச்சம். நண்பனைப் பறிகொடுத்த பசங்க அழத் தெரியாம, கத்த முடியாம, உடம்பை முறுக்கி முறுக்கி ஆடுவாங்க. ராபின்ஸ் நடனத்தோட உச்சம் அதுதான். கேஷுவாலிட்டி வாசலில் ராத்திரி ரெண்டு மணிக்கு நிக்கற நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தன் சுவத்தைக் குத்துவான். ஒருத்தன் காரணமே இல்லாம பைக்கை ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுவான். ஒருத்தன் சும்மா சிரிப்பான். அழுகை போறதுக்கு வழி தெரியாத உடம்புகள். 1961-ல் எந்த ஹிஸ்டரியும் சொல்லாமலே அதைப் பிடிச்சிருக்காங்க. புதுப் படத்தில் காரணம் கிடைச்சது, அந்தத் துக்கம் போயிடுச்சு.

ரெண்டு படமும் சமமா ஜெயிக்கற இடம், 'ஆபீசர் கிரப்கி' பாட்டு. ஜெட்ஸ் பசங்க போலீஸ், நீதிபதி, மனநல மருத்துவர், சமூக சேவகர்னு வேஷம் போட்டு ஆடற காமெடி. ஒரு பையனை ஒவ்வொருத்தரும் "இது என் டிபார்ட்மென்ட் இல்லை"ன்னு அடுத்தவர்கிட்ட தள்ளிவிடுவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஜி.எச்., அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ்னு ரெஃபர் சீட்டைப் பார்த்த எவனும் அதை முழுசா சிரிச்சுட்டுப் பார்க்க முடியாது. புதுப் படத்தில் இதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வெச்சிருக்காங்க. இன்னும் உறைக்குது.

வசூலைப் பார்த்தா, சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வந்தது சுமார் 7.6 கோடிதான். கொரோனா ஒரு காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. தோத்த படம்னு பேர் வாங்கிடுச்சு. அந்தப் பேருக்காக யாரும் இதைப் பார்க்காம விட்டுடக் கூடாதுன்னுதான் இந்த திரெட்.

என் பரிந்துரை: முதல்ல 1961. நடனத்துக்காகவும் அந்தச் சிவப்புக்காகவும். ஒரு வாரம் கழிச்சு 2021. தெருவுக்காகவும், மொழிக்காகவும், அந்தத் துணிக்கடைப் பாட்டுக்காகவும். எது பெட்டர்னு கேட்டா, சண்டையைப் புரிஞ்சுக்க புதுசு, சாவைப் புரிஞ்சுக்க பழசு.

கடைசியா டாக்டரா ரெண்டு வார்த்தை. படத்தில் குத்துப்பட்டவன் சில நொடியில் செத்துடறான். இதயத்திலோ பெரிய ரத்தக்குழாயிலோ பட்டா நிஜத்திலும் அப்படி நடக்கும். ஆனா நிறையப் பேரைக் காப்பாத்த முடியும், சீக்கிரம் வந்தா. வெளியே ஒரு இஞ்ச் காயம்தானேன்னு வீட்டில் மஞ்சள் வெச்சுட்டு இருக்காதீங்க. உள்ளே ரத்தம் எவ்வளவு கசியுதுன்னு வெளியே தெரியாது. கத்தி உடம்பிலேயே இருந்தா பிடுங்காதீங்க. அது அசையாம பார்த்துக்கிட்டு, சுத்தி சுத்தமான துணி வெச்சு அழுத்திப் பிடிங்க. 108-ஐக் கூப்பிடுங்க. போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு தயங்காதீங்க. சிகிச்சைதான் முதல்ல, எழுத்து வேலையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்.

ரெண்டு படத்தையும் பார்த்தவங்க, 'கூல்' எந்தப் படத்தில் பிடிச்சதுன்னு கீழே சொல்லுங்க. எனக்கு அடுத்த டூட்டி நாளைக்குக் காலைலதான். படிச்சுப் பதில் போடறேன்.